டூப்பு அப்பாவு

"நாளைக்குக் காலையில என் தாலியை அறுக்கப் போறாங்க சார். எம் புருஷன் சாகல. நீங்கதான் தடுக்கணும்."

மூக்குப்பொடியை எடுத்த கை எடுத்தபடியே நின்றது துப்பறியும் மாசிலாமணிக்கு. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் 'எம் புருஷன் யார்கூடச் சுத்துறாரு'ன்னு கண்டுபிடிக்கச் சொல்லி வருகிறவர்கள். செத்துப்போன புருஷனை உயிரோடு கண்டுபிடிக்கச் சொல்லி ஒருத்தி வந்தது இதுவே முதல் தடவை.

"உட்காரும்மா. உன் புருஷன் பேரு?"

அந்தப் பெண் பேசாமல் இருந்தாள். எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்லியிருக்கிறாள்? மூலையில் ஸ்டவ்வை மூட்டிக்கொண்டிருந்த உதவியாளர் வசந்தகுமாரிதான் பதில் சொன்னாள்.

"சண்முகசுந்தரம் சார். பருத்திப்பட்டு ஏரியில குதிச்ச ஃபோர்மேன். நீங்க பேப்பர்ல ராசிபலன் மட்டும் படிச்சா எப்டித் தெரியும்?"

வசந்தகுமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. வடபழனி ஸ்டூடியோக்களில் கதாநாயகிக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாகக் குடம் தூக்கி ஆடியவள். குடம் கனத்ததோ, கும்பல் கனத்ததோ, இடுப்பு பிடித்துக்கொள்ள, ஆட்டத்தை விட்டுவிட்டு மாசிலாமணியிடம் வந்து சேர்ந்தாள். இடுப்புதான் பிடித்துக்கொண்டது, வாய் இல்லை.

வந்தவள் பேர் புஷ்பா. அவள் விஷயத்தைச் சொன்னாள். சண்முகசுந்தரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் பட்டறையில் ஃபோர்மேன். பட்டறையில் பித்தளைச் சரக்கு காணாமல் போய்க்கொண்டே இருந்தது. விசாரணை வைத்தார்கள். சந்தேகம் ஃபோர்மேன் மேல் திரும்பியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை வேளையில், பருத்திப்பட்டு ஏரி மதகு மேலிருந்து அவர் குதித்துவிட்டார் என்று செய்தி வந்தது. மதகின் மேல் அவருடைய செருப்பும், பேர் வெட்டிய சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. சில நாள் கழித்து உடல் மிதந்தது. பட்டறைச் சட்டை, சட்டைப் பையில் அவர் நம்பர் போட்ட பித்தளை டோக்கன். முகம் மட்டும் பார்க்கும்படியாக இல்லை.

"அடையாளம் காட்டினது?"

"அவுங்க அண்ணன். கஜபதி மாமா. கூடப் பொறந்தவரே சொல்லும்போது போலீஸ் இன்னா சார் பண்ணும்? மறு பேச்சில்லாம எரிச்சிட்டாங்க. பாவம் போனா போகுதுன்னு கம்பெனியிலயும் விசாரணையை மூடிட்டாங்க."

"சரி. நீ ஏன் அது அவர் இல்லேன்னு சொல்றே?"

"அவருக்குத் தண்ணின்னாலே பயம் சார். தொட்டியில மொண்டு ஊத்திக்கிறப்பவே கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. ஏரிக்கரையில குடியிருந்தும் ஒரு நாள் எறங்கினதில்ல. அப்புறம் அந்தத் தோளு." புஷ்பா தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க எலும்பு தூக்கிகினு, தோளே எறங்கி இருந்துது. கட்டினவளுக்குத் தெரியாதா சார்? தண்ணியில ஊறினா அப்டித்தான் இருக்கும்னு என் வாயை அடைச்சிட்டாங்க. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. நாளைக்குக் கருமாதி. அத்தை மஞ்சளும் வளையலும் வாங்கி வெச்சிட்டாங்க."

அவள் குரல் உடையவில்லை. அதுதான் மாசிலாமணியை உறுத்தியது. அழுகிறவளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடலாம். சரியாகச் சொல்லிவிட்டு அடிவாங்கிக்கொண்டிருப்பவளை என்ன செய்வது?

"வசந்தா, ஸ்டவ்வை அணை. பருத்திப்பட்டு போறோம்."

"காப்பி?"

"வந்து குடிக்கலாம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க" என்றபடி அவள் ஸ்டவ்வை அணைத்தாள்.

*

மாசிலாமணியின் ஸ்கூட்டருக்கு ஆவடி ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தோடும் தனித்தனியாகப் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு அது பருத்திப்பட்டு வந்து சேர்ந்தபோது, ஏரிக்கரையில் துலுக்கானம் எருமைகளை மேயவிட்டுக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் குதித்ததைப் பார்த்த ஒரே சாட்சி. அந்த நாளிலிருந்து ஊரில் அவனுக்கு ஒரு மரியாதை. கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் நைனா. இன்னா டைவுன்றே! மதகு மேல ஏறி நின்னான். ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கினான். தலைகீழாப் போனான் பாரு, தண்ணி சத்தமே கேக்கல. சாவறதிலயும் ஒரு சோக்கு!"

"முகத்தைப் பார்த்தியா?"

"மொதுகு தான் தெரிஞ்சுது. பட்டறை நீலச் சட்டை. நானு எருமைங்களோட இந்தாண்ட கீறேன், அவன் ஏரியைப் பாத்து நிக்கிறான். அப்பால ஓடிப் போயிப் பாத்தா, ஃபோர்மேன் செருப்பு, ஃபோர்மேன் தூக்கு."

"ஏறினதும் குதிச்சிட்டாரா?"

"இல்ல, நின்னுகினே இருந்தான். அந்தாண்ட கரையில நாணலாண்ட எவனோ செவப்புத் துண்டு ஆட்டினான். ஆட்டின பொறவுதான் குதிச்சான்."

மாசிலாமணி திரும்பினார். "துண்டா? இதைப் போலீஸ்ல சொன்னியா?"

"குதிச்சானா இல்லியான்னு கேட்டாங்க, குதிச்சான்னேன். துண்டைப் பத்தி யாரு கேட்டாங்கோ?"

வசந்தகுமாரி முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "சாவப் போறவன் சிக்னலுக்கு நிக்கிறான்னா, அவன் மவுண்ட் ரோட்டுல வண்டி ஓட்டினவனா இருக்கணும் சார்."

"அதுவும் தொட்டித் தண்ணிக்குக் கண்ணை மூடிக்கிறவன், தண்ணி சத்தம் கேக்காம டைவ் அடிச்சிருக்கான்" என்றார் மாசிலாமணி. "சாக வேண்டியவன் தொப்புன்னு விழுந்தாப் போதாதா? அழகா விழுந்தா என்ன, அசிங்கமா விழுந்தா என்ன? ஏம்ப்பா, இந்தப் பக்கத்துல இப்படி டைவ் அடிக்கத் தெரிஞ்ச ஆளு யாராவது உண்டா?"

துலுக்கானம் யோசிக்கவே இல்லை. "ஒருத்தன்தான். கள்ளிக்குப்பத்துல கீறான். டூப்பு அப்பாவு. ஆனா நைனா, அவன் சொல்றதை மட்டும் நம்பிடாதே. வாயைத் தொறந்தா டூப்புதான். பேரே அதானே!"

ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே மாசிலாமணி கணக்குப் போட்டார். சண்முகசுந்தரம் அந்த அப்பாவுவிடம் ரகசியமாக நீச்சல் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஊர் பார்க்கக் குதித்து, முங்கி நீந்தி, அந்தக் கரையில் ஏறி ஓடிவிட்டான். துண்டு ஆட்டியவன் அப்பாவு. அவனைப் பிடித்து நாலு தட்டுத் தட்டினால் ஃபோர்மேன் இருக்கும் இடம் வெளியே வந்துவிடும்.

"அப்போ சுடுகாட்டுல எரிஞ்சது?" என்று கேட்டாள் வசந்தகுமாரி, பின்னால் உட்கார்ந்தபடி.

"அதையும் அப்பாவுதான் சொல்லணும்" என்றார் மாசிலாமணி.

*

கள்ளிக்குப்பத்தில் விலாசம் கேட்பது என்றால் டீக்கடையில்தான் கேட்க வேண்டும். டீக்கடை முனியன், பால் வடிகட்டுகிற துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தான். பெஞ்சில் இருந்த ஷிஃப்ட் முடிந்த ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"டூப்பையா தேடறீங்கோ? அவன் எங்கயோ கம்பி நீட்டிட்டான் சார். ரொம்ப நாளா ஆளைக் காணோம்."

மாசிலாமணிக்கு முகம் விழுந்துவிட்டது. "பேரே டூப்புன்றீங்களே, அவ்வளவு பொய் பேசுவானா?"

"அய்யே, அதை ஏன் கேக்கறே! கலர் படத்துல ஹீரோ மாடியிலேருந்து குதிச்சாரே, அது நான்தான்னுவான். கெணத்துல பாய்ஞ்சது நான்தான்னுவான். குதிரையோட உருண்டது நான்தான்னுவான். நானும் எல்லாப் படமும் பாத்துகினுதான் கீறேன். ஒரு படத்துலனாச்சும் அவன் மூஞ்சி வந்துகீதா? கேட்டா இன்னா சொல்வான் தெரியுமா? 'என் மூஞ்சி தெரியக்கூடாது மாமே, அதான் என் வேலையே'ன்னுவான். எப்டிகீது பாரு டூப்பு!"

கடையே சிரித்தது. மாசிலாமணியும் லேசாகச் சிரித்தார். சிரிக்காதவள் வசந்தகுமாரி ஒருத்திதான். எதற்கும் ஒரு நையாண்டியைத் தயாராக வைத்திருக்கிறவள், டீ கிளாசை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தாள்.

"அண்ணாத்தே, அந்தாளு பொய் சொல்லல."

"இன்னாம்மா சொல்றே?"

"ஸ்டூடியோவுல டூப்புன்னா பொய் இல்ல, ஆளு. ஹீரோவுக்குப் பதிலா குதிக்கிறவன், வுழறவன், அடிபடறவன். ஹீரோ சட்டையைப் போட்டுகினு, காமிராவுக்கு மொதுகைக் காட்டிகினு நிப்பான். மூஞ்சி தெரிஞ்சா அந்த ஷாட்டே வேஸ்ட்டு. எத்தினி பேரு கையை, காலை ஒடிச்சிகினு போனாங்கன்னு நான் கண்ணால பாத்துகீறேன்." அவளுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "சினிமாவுக்கு நம்ப ஊரு குடுத்த மருவாதியைப் பாருங்க சார். ரீலுன்னாலும் பொய்யி, டூப்புன்னாலும் பொய்யி. ஒருத்தன் தொழில் பேரைச் சொல்லிகினு வந்தான், அதையே திட்டா மாத்தி அவனுக்குப் பேரா வெச்சிட்டாங்க."

முனியனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "எங்களுக்கு இன்னாம்மா தெரியும்? டூப்பு உடாதேன்னுதானே நாங்க சொல்லுவோம்..."

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். அவர் காதில் விழுந்தது வேறு. ஹீரோ சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொருத்தனுக்குப் பதிலாகக் குதிக்கிறவன். பருத்திப்பட்டு மதகு மேல் நீலச் சட்டையோடு ஏரியைப் பார்த்து நின்றது யார்?

வெளியே வந்ததும் வசந்தகுமாரியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் போட்ட கணக்கு தப்பு வசந்தா. நாம அப்பாவுவைத் தேடி வரல. அப்பாவு பெண்டாட்டியைத் தேடி வந்திருக்கோம்."

*

நாகம்மா செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் வந்து, தலையில் சும்மாட்டைக்கூட எடுக்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பற்றிக் கேட்டதும் ஊதுகுழலைத் தரையில் தட்டினாள்.

"எங்கயோ தொலைஞ்சுது. முன்னெல்லாம் ரெண்டு நாள் மூணு நாள் போவும், வந்துடும். இந்தத் தபா ஆளையே காணோம். பாத்தா சொல்லுங்க, ஊட்டாண்ட வந்தா வெளக்கமாறுதான்னு."

"எங்கே போறேன்னு சொல்லிட்டுப் போனாரு?" என்று மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்.

"சினிமாவுக்காம்! இந்தத் தோளை வெச்சிகினு யாரு கூப்புடுவாங்கோ? எவனோ டைரக்டராம், ஊடு தேடி வந்தான். பருத்திப்பட்டு ஏரியில ஷூட்டிங்காம். வேட்டி சட்டை மடிப்புக் கலையாம, எண்ணெய் வெச்சுத் தலை சீவிகினு இருந்தான். 'அப்பாவு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள வந்து நிக்கணும், லேட்டானா அரை நாள் கட்டு'ன்னான்."

வசந்தகுமாரி மாசிலாமணியைப் பார்த்தாள். "சினிமாவுல ஏது சார் ஷிஃப்ட்டு? கால்ஷீட்டுதான். அரை நாள் கட் பண்ற டைரக்டரை நான் பாத்ததே இல்ல. அது ஃபோர்மேன் பேச்சு."

மாசிலாமணிக்கு இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்தவர், அந்த அடுப்புப் புகைக்கு நடுவே பச்சைப் பிள்ளை மாதிரி நின்றார். கேட்டது வசந்தகுமாரி.

"அக்கா, அவருக்குத் தோளுல இன்னா?"

"மாடியிலேருந்து குதிச்சப்போ கீழ வுழறதுக்குப் போடற அட்டைப் பெட்டிங்களைச் சரியா அடுக்கல. எடது தோளு எறங்கிப் போச்சு. எலும்பு தூக்கிகினு..." நாகம்மா நிறுத்தினாள். வந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த ஊதுகுழல் உருண்டு போனது. "ஏன் கேக்கறே? எதுக்குத் தோளைக் கேக்கறே?"

வசந்தகுமாரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

நாகம்மா அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னிக்குக் காலையில பாட்டுப் பாடிகினு குளிச்சுது. 'டூப்பு வேலை வந்துகீதுடி, கலர் படம், உன்னைத் தியேட்டருக்கு இட்டுகினு போய், அது நான்தான்னு காட்டறேன்'னுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'யாருகிட்ட உடறே டூப்பு'ன்னேன். 'இல்லடி, நெசமா'ன்னுச்சு. கஞ்சி ஊத்து, குடிச்சிட்டுப் போறேன்னுச்சு. ஊத்தல."

பாவி வார்த்தை அந்த 'டூப்பு'. டீக்கடையில் பேசினால் சிரிப்பு, வீட்டில் பேசினால் சண்டை, அவ்வளவுதான் என்று நாமும் தினமும் பேசுகிறோம். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் சொன்ன உண்மைகளையெல்லாம் அது விழுங்கிவிட்டது.

*

மறுநாள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை வெயில் ஏறியிருந்தது. பந்தல் போட்டு, ஐயர் வந்து, தம்பிக்காகத் தலையை மழித்துக்கொண்டு கஜபதி ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். புஷ்பாவை மணையில் உட்கார வைத்து, முகமெல்லாம் மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் எடுப்பதற்காகத்தான் இத்தனை அலங்காரம். மாமியார் வேம்புலியம்மாள், "எம் புள்ளையை முழுங்கிட்டியே ஏரியாத்தா" என்று தண்ணீரைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவியின் துக்கத்தில் ஒரு துளி கலப்படம் இல்லை. அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. அதிலிருந்து வசந்தகுமாரியும் நாகம்மாவும் இறங்கினார்கள். மாசிலாமணி பந்தலுக்குள் நுழைந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"காரியத்தை நிறுத்துங்க! சண்முகசுந்தரம் உயிரோட இருக்காரு. இன்னிக்கு விடியக் காலையில அரக்கோணம் ஸ்டேஷன்ல பிடிச்சாச்சு!"

கூட்டம் வாயடைத்துப் போனது. கஜபதிக்கு மட்டும் வாய் அடைக்கவில்லை.

"அரக்கோணமா? அவன் எதுக்கு அந்தப் பக்கம் போறான்? கூடூர் வண்டியிலதானே நானே அவனை..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்?

"ஏத்தி விட்டீங்க" என்று முடித்து வைத்தார் மாசிலாமணி. "நன்றி கஜபதி. அரக்கோணத்துல யாரையும் பிடிக்கல. நான் அந்தப் பக்கம் போய் வருஷக் கணக்காகுது. ஆனா இப்போ கூடூருக்குத் தந்தி அடிக்கலாம்."

"சார் உட்டது சுத்த டூப்பு" என்றாள் வசந்தகுமாரி. ஆனால் அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

முன்பே சொல்லி வைத்திருந்தபடி இரண்டு கான்ஸ்டபிள்கள் பந்தலின் இரண்டு பக்கத்திலும் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் கஜபதி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லணும்னு நெனைக்கல சார். சாமி சத்தியமா நெனைக்கல. மதகுலேருந்து குதிச்சு, முங்கு நீச்சல்ல நாணலாண்ட வந்து ஏறிடணும்னு பேச்சு. ஊரு பாத்தாப் போதும், பொணம் எங்களுக்கு எதுக்கு? துண்டை ஆட்டிட்டு, மாத்துத் துணியை வெச்சிகினு நானும் தம்பியும் நாணலுக்குள்ள குந்திகினு இருந்தோம். அவன் வரல."

"வரலைன்னதும்?"

"கொஞ்ச நேரம் பாத்தோம். கரையில ஆளுங்க கூடிட்டாங்க. தம்பிக்கு வண்டிக்கு நேரமாயிடுச்சு."

வேம்புலியம்மாள் மாரில் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஏரிக் கொடி காலைச் சுற்றியதோ, அந்தத் தோள்தான் கைவிட்டதோ, யார் கண்டது? இரண்டு பேர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் தண்ணீருக்குள் முடிந்துபோயிருக்கிறான். அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"காமிரா எங்கேன்னு அவன் கேக்கலியா?" என்றார் மாசிலாமணி.

"கேட்டான். பின்னால பனைமரத்துல ஒளிச்சு வெச்சுகீது, திரும்பிப் பாக்காதேன்னு தம்பி சொன்னான். 'டூப்பு திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு எனக்கே சொல்றியா தொரை'ன்னு சிரிச்சான்."

கான்ஸ்டபிள்கள் கஜபதியைத் தூக்கி நிறுத்தி அழைத்துப் போனார்கள். அதற்குள் வேம்புலியம்மாளுக்கு விஷயம் மண்டையில் ஏறியிருந்தது. பெரியவன் போவதையும் பார்க்காமல், ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "எம் புள்ள உசுரோட கீறான்டி! உன் தாலி கெட்டிடி! நீ சொன்னதை நாங்க கேக்கலியேடி!"

புஷ்பா மாமியாரின் கையை மெல்ல விலக்கினாள். புத்தி பேதலித்தவள் என்று ஊர் பேசியது பொய்யாகிவிட்டது. தாலி பிழைத்துவிட்டது. அவள் கேட்டு வந்தது அத்தனையும் கிடைத்துவிட்டது. அவள் முகத்தில் மஞ்சளைத் தவிர வேறு களை இல்லை. பந்தலின் ஓரத்தில், சூளை மண் ஒட்டிய புடவையோடு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்ற நாகம்மாவின் மேல் அவள் பார்வை நிலைத்திருந்தது.

ஐயர் பஞ்சாங்கப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். "அப்போ நிறுத்திடலாமாம்மா? நான் கிளம்பட்டுமா?"

"நிறுத்தாதீங்க சாமி" என்றாள் புஷ்பா. "ஆளு செத்தது நெசம்தானே. நாங்க எரிச்சதும் நெசம்தானே. பேரை மட்டும் மாத்திச் சொல்லுங்க."

அவள் மணையை விட்டு எழுந்தாள். நாகம்மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து அந்த இடத்தில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு?" என்று கேட்டார் ஐயர்.

வழக்கப்படி பக்கத்தில் இருக்கிற வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் அவனைச் சேர்ந்தவர்கள் வேறு யாரும் இல்லை. நாகம்மா தலை நிமிர்ந்து, கணீரென்று சொன்னாள்:

"அப்பாவு."

ஐயர் எள்ளும் தண்ணீரும் எடுத்தார். நாகம்மா அவரைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அம்மாடி, அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரை எடுக்கும்போது... யாருனா அழுதாங்களா?"

"அழுதாங்கக்கா. ஊரே அழுதுது. மேளம் வெச்சு, பூப்பல்லக்குலதான் எடுத்தாங்க." என்றாள் புஷ்பா. "நான் மட்டும்தான் அழல. எம் புருஷன் இல்லன்னு எனக்குத் தெரியும். அதனால அழல."

அவள் நாகம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உயிரோடு ஒரு நாளும் கண்ணால் பார்த்திராத அந்த மனிதனுக்காக, ஏரிக்கரையே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.